சூட்டில் நெளிந்த தகட்டை நேராக்குவது எப்படி?

டிராக்டர் பானெட்டில் துரு தின்று கையகலம் ஓட்டை விழுகிறது. வெல்டிங் பட்டறையில் ஒட்டுப் போட்டுக் கொண்டு வருகிறோம். ஓட்டை அடைபட்டு விட்டது. ஆனால் பலகைபோல் இருந்த பானெட் இப்போது அப்பளம்போல் நெளிந்து நிற்கிறது. கொக்கி மாட்டவில்லை. வண்டி ஓடும்போது தகடு படபடவென்று அடித்துக் கொள்கிறது. சில வாரங்களில் அந்த அதிர்விலேயே வெல்டிங் மீண்டும் விரிசல் விடுகிறது.

உடனே சுத்தியலை எடுத்துப் புடைத்த இடத்தைத் தட்டுகிறோம். தட்டத் தட்டப் புடைப்பு பெரிதாகிறதே தவிர அடங்குவதில்லை. கடைசியில் புது பானெட் வாங்க வேண்டியதாகிறது. சிறு விவசாயிக்கு அது ஒரு போக நெல்லில் மிஞ்சுவதைத் தின்றுவிடும் செலவு. தகடு ஏன் நெளிகிறது என்பதைத் தெரிந்து கொண்டால் இந்தச் செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். பட்டறைக்குக் கொடுத்துச் செய்தாலும், அருகில் நின்று சரியாக வேலை வாங்க இந்த விவரம் உதவும்.

வண்டிப் பட்டை சொல்லும் பாடம்

இரும்பு சூடானால் நீளும், ஆறினால் சுருங்கும் என்பது மாட்டு வண்டி வைத்திருந்த குடும்பங்களுக்குப் புதிதல்ல. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றும்போது, பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே கொல்லர் செய்வார். வரட்டி அடுக்கித் தீ மூட்டிப் பட்டையைக் காய்ச்சுவார்கள். அது விரிந்ததும் சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி வட்டை, ஆர், குடம் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். ஆணியே இல்லாமல் சக்கரம் ஒன்றாகிவிடும்.

கணக்கும் எளிதுதான். 1 மீட்டர் நீள இரும்பை 100 டிகிரி சென்டிகிரேடு சூடேற்றினால் அது 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். நாலரை மீட்டர் சுற்றளவுள்ள வண்டிப் பட்டையை 400 டிகிரி காய்ச்சினால் சுமார் 2 செ.மீ. நீளும். அந்த 2 செ.மீ. தான் சக்கரத்தை இறுக்குகிறது.

வெல்டிங் செய்யும்போதும் இதுவே நடக்கிறது. ஆனால் பட்டைக்கு விரிய இடம் இருந்தது. தகட்டின் நடுவில் உள்ள சிறு பகுதிக்கு அந்த இடம் இல்லை. சுற்றிலும் குளிர்ந்த தகடு அதை நெருக்கிப் பிடித்திருக்கிறது. சூடான பகுதி பக்கவாட்டில் விரிய முடியாமல், இளகிய நிலையில் தன்மேலேயே அமுங்கித் தடிக்கிறது. ஆறும்போது மட்டும் தடையின்றிச் சுருங்குகிறது. ஆகவே சூடு பட்ட இடம் முன்பு இருந்ததைவிடக் குட்டையாகி விடுகிறது. பலரும் நினைப்பதுபோல் சூடு தகட்டை நிரந்தரமாக விரித்து விடுவதில்லை. ஆறிய பிறகு அந்த இடம் சுருங்கித்தான் இருக்கும்.

துணியில் தையல் நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் தையல் சுருங்கி, இருபுறமும் துணி கொசுவம் கொசுவமாகப் புடைக்கும். வெல்டிங் கோடு இழுபட்ட நூல். பக்கத்தில் தெரியும் புடைப்பு கொசுவம். கொசுவத்தின்மேல் தட்டுவதால் பயன் இல்லை. நூலைத் தளர்த்த வேண்டும்.

இரண்டு நோய், இரண்டு மருந்து

நெளிந்த தகட்டில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் தகடு சுருங்கி இருக்கும். வெல்டிங் செய்த கோடு, சைலன்சர் சூடு பட்ட இடம், கிரைண்டிங் மெஷினை ஒரே இடத்தில் அழுத்தி நீலம் பாய்ந்த இடம் ஆகியவை இந்த வகை. இதற்கு மருந்து, சுருங்கிய இடத்தைத் தட்டி நீட்டுவது.

இரண்டாவது வகையில் தகடு நீண்டு இருக்கும். எதன்மேலாவது மோதி ஒடுக்கு விழுந்த இடமும், தெரியாமல் தட்டித் தட்டி மெலிந்த இடமும் இந்த வகை. இதற்கு மருந்து, சூடு காட்டிச் சுருக்குவது.

மருந்தை மாற்றிக் கொடுத்தால் நோய் முற்றும். ஆகவே சுத்தியலைத் தொடுவதற்கு முன் இது எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

தகடு நன்றாக ஆறிய பிறகு, மெல்லிய பருத்தித் துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும். ஹேக்ஸா பிளேடு ஒன்றை நெட்டுக்குத்தாக வைத்துப் பார்த்தால் எங்கே இடைவெளி விழுகிறது என்பதும் தெரியும். மேட்டைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக் கொள்ள வேண்டும்.

வெல்டிங் கோடு பள்ளமாகவும் அதன் இருபுறமும் மேடாகவும் இருந்தால் கோடு சுருங்கியிருக்கிறது என்று பொருள். மேட்டின் நடுவை விரலால் அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போய், எடுத்தால் மீண்டும் வெளியே வருகிறதா? அருகில் வெல்டிங்கோ சூடு பட்ட அடையாளமோ இல்லையா? அப்படியானால் அந்த இடத்தில் தகடு நீண்டுவிட்டது. சூடு பட்ட இடத்தின் அருகிலும் இந்த 'டொக்' கேட்கலாம். அங்கே முதலில் சுருங்கிய கோட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன்

பேட்டரி இணைப்பைக் கழற்றி, பேட்டரியையே தள்ளி வைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும் தன்மை உடையது. பானெட், மட்கார்டு போன்றவற்றை வண்டியிலிருந்து கழற்றித் தனியே வைத்து வேலை செய்வது நல்லது. வைக்கோல் போரிலிருந்து விலகி, இரண்டு வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கும்படி இடம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டீசல் டாங்கில் ஓட்டை விழுந்தால் அதை வெல்டிங் செய்ய யாரிடமும் கொடுக்கக் கூடாது. 'காலி டாங்க்தானே' என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. நிரம்பிய டாங்கைவிட, ஆவி அடைந்து கிடக்கும் காலி டாங்கே வெடிக்கும். எண்ணெய் பீப்பாய், பூச்சிமருந்து டின் ஆகியவற்றுக்கும் இதே விதி. டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் சூடு காட்டவும் கூடாது. காற்றைத் திறந்து விட்டிருந்தாலும் டயர் வெடிப்பது உண்டு.

துத்தநாகம் பூசிய தகடு, அதாவது கூரைக்குப் போடும் ஜி.ஐ. தகடு, சூடானால் வெண்புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் நின்றே வேலை செய்ய வேண்டும். கேஸ் வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வில் எண்ணெயோ கிரீசோ படக் கூடாது. பட்டால் தானாகவே தீப்பற்றும். வீட்டுச் சமையல் சிலிண்டரை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது.

சுருங்கிய கோட்டை நீட்டுதல்

இதற்குத் தேவை ஒரு சுத்தியலும் ஒரு டாலியும். டாலி என்பது தகட்டின் பின்புறம் கையில் பிடித்துக் கொள்ளும் கனமான இரும்புத் துண்டு. தண்டவாளத் துண்டோ சம்மட்டித் தலையோ போதும். ஆனால் முகம் வழவழப்பாக இருக்க வேண்டும். முகத்தில் உள்ள ஒவ்வொரு வடுவும் தகட்டில் பதியும்.

முதலில் வெல்டிங் கோட்டின் மேட்டைக் கிரைண்டரால் சீவ வேண்டும். ஓர் இடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. தகடு நீலமானால் புதிய நெளிவு உண்டாகிவிட்டது என்று அறியலாம். மேட்டை முழுவதும் வழிக்காமல் ஒரு தாள் கனம் விட்டு வைப்பது நல்லது.

பிறகு டாலியைக் கோட்டுக்கு நேர் பின்னால் அழுத்திப் பிடித்து, கோட்டின்மேல் மட்டும் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு இரும்புக்கும் நடுவே அகப்பட்ட தகடு நசுங்கி மெலிந்து நீளும். ஒரு முறை கோடு முழுவதும் தட்டியதும் நிறுத்திவிட்டுக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்த புடைப்பு தொடாமலே தணிந்திருக்கும். போதாவிட்டால் இன்னொரு முறை தட்டலாம். அளவு மீறினால் கோடே நீண்டுபோய் இரண்டாவது நோய் வந்துவிடும். ஆகவே சற்றுக் குறைவாக இருக்கும்போதே நிறுத்துவது புத்திசாலித்தனம்.

கேஸ் வெல்டிங் கோடு மிருதுவானது. சிவந்திருக்கும்போதே தட்டினாலும் தாங்கும். சி.ஓ.டூ. வெல்டிங் கோடு கடினமானது. அதை நன்றாகச் சீவிவிட்டு, பலத்த அடி போடாமல் பல சிறு தட்டல்களாகத் தட்ட வேண்டும்.

நீண்ட இடத்தைச் சுருக்குதல்

ஒடுக்கு விழுந்த இடத்தை முதலில் மணல் மூட்டையின்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி, கூடிய மட்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். மரமும் மணலும் தகட்டை அவ்வளவாக நீட்டாது. அதன் பிறகும் நடுவில் 'டொக் டொக்' என்று ஆடும் மேடு மிஞ்சினால்தான் சூடு காட்ட வேண்டும்.

மேட்டின் உச்சியில் சுண்டு விரல் நகம் அளவு இடத்தை, சிறிய நாசில் போட்ட கேஸ் டார்ச்சால் செந்நிறம் வரும்வரை மட்டும் சூடேற்ற வேண்டும். அந்த நிறத்தில் வெப்பம் ஏறத்தாழ 700 முதல் 800 டிகிரி இருக்கும். வெயிலில் நிறம் சரியாகத் தெரியாது. நிழலில்தான் பார்க்க வேண்டும். சூடு ஏறும்போது அந்த இடம் கொப்புளம்போல் எழும். உடனே டாலியைப் பின்புறம் லேசாக வைத்து, கொப்புளத்தைச் சுற்றி வட்டமாக, வெளியிலிருந்து நடுவை நோக்கி நாலைந்து தட்டுத் தட்டி, கடைசியில் நடுவில் ஒன்று தட்ட வேண்டும். செந்நிறம் மறைந்ததும் ஈரத் துணியால் ஒற்ற வேண்டும். தகடு சுற்றுப்புறத்தை இழுத்துக்கொண்டு சுருங்கும்.

முழுவதும் ஆறிய பிறகே எவ்வளவு சுருங்கியது என்பது தெரியும். பொறுமையின்றி அடுத்தடுத்துச் சூடு வைத்தால் தகடு எதிர்ப்புறமாக முறுக்கிக் கொள்ளும். ஒன்று வைத்து, ஆறவிட்டு, தடவிப் பார்த்து, தேவைப்பட்டால் விரற்கடை தள்ளி அடுத்தது வைக்க வேண்டும். உள்ளங்கை அளவு மேட்டுக்கு இப்படிச் சில புள்ளிகளே போதும்.

தண்ணீர் பட்டால் தகடு உடையுமா என்று சிலர் கேட்பதுண்டு. மாமல்லபுரத்தில் சிற்பிகளின் இரும்பு உளிகளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அவை கருங்கல்லை வெட்டும் கடினம் பெறுகின்றன. உளி இரும்பில் கார்பன் அதிகம் என்பதால் அந்தக் குணம் வருகிறது. பானெட், மட்கார்டு தகடுகளில் கார்பன் மிகக் குறைவு. ஈரத் துணியால் அவை உளிபோல் கடினமாகி உடைந்துவிடாது. ஆனால் புதிய கார்களின் தூண், சட்டம் போன்ற பாகங்கள் உயர்பலத் தகட்டால் ஆனவை. அவற்றில் சூடு காட்டினால் பலம் போய்விடும். டிராக்டரிலும் இழுவைக் கொக்கி, அச்சு, டிரெய்லர் சட்டம், ஓட்டுநரைக் காக்கும் கம்பிச் சட்டம் ஆகிய பளு தாங்கும் பாகங்களில் இந்த முறையைக் கையாளக் கூடாது. சில டிராக்டர்களில் பானெட் பிளாஸ்டிக்காலும் ஆனது. முதலில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

நெளியாமல் ஒட்டுப் போடுவது

நெளிந்த பின் நேராக்குவதைவிட, நெளியாமல் பார்த்துக் கொள்வது எளிது. மறைமலைநகரில் 1999 முதல் 2022 வரை கார்கள் செய்த போர்டு ஆலையைப் போன்ற கார் ஆலைகளில், ஒரு காரின் தகடுகளைச் சில ஆயிரம் சிறு புள்ளிகளில் பற்றவைத்தே இணைக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் நொடியில் சூடாகி நொடியில் ஆறிவிடுகிறது. சூடு பரவ நேரம் இல்லாததால் தகடு நெளிவதில்லை. இந்தத் தத்துவத்தை நம் பட்டறையிலும் பின்பற்றலாம்.

துருப் பிடித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். ஒட்டுத் தகடு பழைய தகட்டின் கனமே இருக்க வேண்டும். அதன் மூலைகளை வட்டமாக வெட்டினால் அங்கே இழுப்பு குறையும். நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு டேக் வைத்து, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி, 2 அல்லது 3 செ.மீ. இடைவெளியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். விரல் வைத்தால் சுடாத அளவு ஆறிய பிறகே அதற்கு அருகில் அடுத்த டேக். எல்லாம் முடிந்த பின் இடைவெளிகளையும் அப்படியே விட்டு விட்டு நிரப்ப வேண்டும். ஒரே மூச்சில் கோடு இழுக்கும்படி பட்டறைக்காரரை அவசரப்படுத்தக் கூடாது. அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும். தகடு தப்பிக்கும். பின்புறம் ஒரு செம்புக் கட்டியைப் பிடித்துக் கொண்டால் அது சூட்டை உறிஞ்சிக் கொள்ளும்.

1 மி.மீ. தகட்டுக்கு 10 கேஜ் ராடு ஒத்துவராது. ஓட்டையைப் பெரிதாக்கும். கேஸ் வெல்டிங்கோ சி.ஓ.டூ. வெல்டிங்கோ ஏற்றது. டிரெய்லர் பக்கத் தகடு, மட்கார்டின் உட்புறம் போன்ற இடங்களில் வெல்டிங்கே வேண்டியதில்லை. ஒட்டுத் தகட்டை மேலே வைத்து, இடையில் பெயிண்ட் பூசி, ரிவிட் அடித்துவிடலாம். சூடு இல்லை, ஆகவே நெளிவும் இல்லை.

சைலன்சர் சூட்டில் நெளிந்த தகடாக இருந்தால், சைலன்சர் இணைப்பில் புகை கசிகிறதா, தடுப்புத் தகடு கழன்று போயிருக்கிறதா என்று பார்த்து அதை முதலில் சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நேராக்கினாலும் மறுபடியும் நெளியும்.

கடற்காற்றும் துருவும்

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் என்று கடலோரமாக உள்ள ஊர்களில் இந்த வேலைக்கு இன்னொரு எதிரி உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துத் துருவை விரைவுபடுத்துகிறது. குப்பங்களில் படகு இழுக்கப் போகும் டிராக்டர்களுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். உள்நாட்டில் திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கங்களில் காற்று அவ்வளவு உப்பல்ல. ஆனால் பொட்டாஷ் உரம் சிந்திய டிரெய்லரைக் கழுவாமல் விட்டால் அங்கும் இதே கதிதான். பொட்டாஷும் ஒரு உப்பே.

உப்புத்தாள் போடும் முன் தகட்டை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்பு தகட்டின் சிறு குழிகளில் அழுந்தி, பெயிண்ட் அடித்த சில மாதங்களில் கொப்புளமாக எழும். கடலோரக் கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் மழைநீரோ குடிநீரோ பயன்படுத்துவது நல்லது.

சூடு காட்டிய இடத்தின் பின்புறத்தைப் பலரும் மறந்து விடுகிறார்கள். முன்புறம் பெயிண்ட் அடித்து அழகு பார்க்கும்போது, பின்புறம் பழைய பெயிண்ட் கருகி வெற்றுத் தகடாகக் கிடக்கிறது. அங்கிருந்துதான் துரு புறப்படும். பின்புறத்தையும் தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை பூசி, அதன்மேல் பெயிண்டும் அடிக்க வேண்டும். தண்ணீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் குத்தி விட வேண்டும்.

பட்டி பூசுவது மெல்லிய பள்ளங்களை நிரப்ப மட்டுமே. 2 மி.மீ.க்கு மேல் போனால் டிராக்டர் அதிர்வில் வெடித்து உதிரும். நெளிவை எடுக்காமல் பட்டியால் மறைக்கும் வேலைக்குக் கூலி கொடுப்பது வீண். பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. மாசி முதல் சித்திரை வரை ஏற்ற காலம். கடலோரத்தில் கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று கிளம்பிவிடும். ஆகவே பனி உலர்ந்ததும் தொடங்கி முற்பகலிலேயே பெயிண்ட் வேலையை முடித்துக் கொள்ள வேண்டும்.

முதல் முயற்சியை பானெட்டில் செய்து பார்க்க வேண்டாம். பழைய இரும்புக் கடையில் அதே கனமுள்ள ஒரு துண்டுத் தகடு வாங்கி, அதில் ஒரு கோடு வெல்டிங் போடச் சொல்லி, அது நெளிவதையும் கோட்டைத் தட்டினால் நேராவதையும் பார்த்துக் கொள்ளலாம். அரை நாளில் கை பழகிவிடும். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பயிற்சி ஓராண்டில் முடிகிறது. இன்று ஊருக்கு ஊர் டிராக்டர் இருப்பதால் இந்தத் தொழில் தெரிந்தவருக்கு வேலைக்குக் குறைவில்லை.

நெளிந்த தகட்டைக் கண்டதும் தட்டத் தொடங்காமல், சுருங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். சுருங்கியதைத் தட்டி நீட்டவும், நீண்டதைச் சூடு வைத்துச் சுருக்கவும் பழகிக் கொண்டால், எடைக்குப் போட இருந்த பல பானெட்டுகளும் மட்கார்டுகளும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.